நகக்கண் அளவு பிசின்

செவிலிமேடு,
9 ஜூன் 2024

அக்காவுக்கு,

கிழிப்பதாக இருந்தால் கடிதத்தை மட்டும் கிழி. உறையைக் கிழித்துவிடாதே. உள்ளே ஒரு பொட்டலத்தில் மரத்துண்டு இருக்கிறது. அதற்காகத்தான் ஸ்பீடு போஸ்ட். தபால் நிலையத்து அம்மா, "உள்ள இன்னாமா வச்சிருக்கே?" என்று கேட்டார். "எங்கப்பா மானம்" என்றேன். அவர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதினெட்டு கிராம்தான் என்றார்.

நான் சிம்ரன். உன் ஒரே தங்கை. நீ போகும்போது ஒன்பதாம் வகுப்பு, இப்போது பிளஸ் டூ. உயரம் மட்டும் அதே வகுப்பில் நிற்கிறது. மாதம் ஒரு தடவை அம்மா வேலை செய்யும் பட்டுக்கடை ஃபோனில் நீ பேசுவது எனக்குத் தெரியும். அன்றைக்கு அம்மா ரசத்தில் உப்புப் போட மறந்துவிடுவாள். உன் நம்பரைக் கேட்டால், "அவளா தரட்டும்" என்கிறாள். ஆகவே அம்மாவின் கைப்பையிலிருந்து முகவரியைத் திருடினேன். புனே ஆய்வுக்கூட விடுதி, அறை 34. திருட்டு என்பதால் மனப்பாடமாகவே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு முன்னால், காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக அப்பாவின் பட்டறையிலிருந்து ஒரு சிராயை எடுத்துப் போனாய். மாணிக்கவாசகத்தின் கல்யாண மண்டபத்துக்காக அப்பா அரக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த மணமக்கள் நாற்காலியின் சிராய் அது. அதை மெஷினில் சுட்டுப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடும்போது சொன்னாய், அதில் அரக்கே காணோம், பைன் பிசின்தான் தெரிகிறது என்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. பத்து நாளில் அது எப்படியோ மாணிக்கவாசகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பட்டறை வாசலில் நின்று, அரக்கு என்று சொல்லி அப்பா ஊரை ஏமாற்றுகிறார் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். நீதான் அவரிடம் சொன்னாய் என்று அப்பா நினைத்துக்கொண்டார். "என் சோத்தத் துன்னுக்கினே என் பொழப்பச் சுட்டுட்டியே" என்றார். நீயும் இல்லை என்று சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது அப்பா செவிலிமேட்டில் எழும்பும் புது வீடுகளில் ஒரு காண்ட்ராக்டரிடம் பிளைவுட் அலமாரி மாட்டுகிறார். மேலே மரம் மாதிரி மைக்கா ஒட்டுகிறார். மரத்துக்கே மர வேஷம்.

உள்ளே இருப்பது நம் வீட்டுக் கட்டில் காலிலிருந்து எடுத்தது. 2019-இல் அப்பா பாலிஷ் போட்ட கட்டில். திரும்பச் சுட்டுப் பார். சுத்தமான அரக்கு என்றுதான் வரும். வந்ததும் அதை ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து கொடு.

காகிதம் இல்லாவிட்டாலும் வரலாம்.

சிம்ரன்


புனே,
1 ஜூலை 2024

சிம்ரன்,

கடிதமும் பொட்டலமும் கிடைத்தன. சுட்டேன்.

அது அப்பா போட்ட பாலிஷ் இல்லை. ஐந்து வருஷப் பழையதும் இல்லை. அரக்குப் படலம் காற்றில் இருந்து இருந்து மாறும். நீ அனுப்பியது போன வாரம் பிறந்த குழந்தை. அதோடு அரக்குக்கு நடுவே தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலம் ஒன்று மலை மாதிரி எழும்பி நிற்கிறது. அப்பா பாலிஷ் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார், கையைச் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவுவார். நம் வீட்டில் எண்ணெய்த் தலையைக் கோதிவிட்டு அதே கையால் எல்லாவற்றையும் தொடுகிற ஆள் யாரென்று மெஷினுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

உன் மேல் கோபப்படத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதிக் கிழித்தேன். ஃபோன் நம்பர் தராததற்கும் இதுதான் காரணம். ஃபோனில் பேசினால் கிழிக்க முடியாது.

எப்படிச் சுடுகிறோம் என்று அம்மாவிடம் கேட்டாயாம். அம்மா "அடுப்புலயா?" என்று என்னைக் கேட்டாள். கடுகில் பாதி அளவு தூள் போதும். சின்னக் கிண்ணத்தில் போட்டு, காற்றில்லாமல், ஒரே நொடியில் அறுநூறு டிகிரிக்குச் சூடாக்குவோம். பொருள் எரியாது, உடையும். உடைந்த துண்டுகள் முடி போல மெல்லிய, முப்பது மீட்டர் நீளக் குழாய்க்குள் ஓடும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். அதை வைத்து உள்ளே என்ன இருந்தது என்று படிப்போம். இதில் ஒரு சிக்கல் உண்டு. அரக்கு முக்கால்வாசி அமிலங்களால் ஆனது. வெறுமனே சுட்டால் அவை சிதறிப்போகும், மிச்சம் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. அதனால் சுடுவதற்கு முன் ஒரு சொட்டு மருந்து விடுகிறோம். அது சூட்டில் ஒவ்வொரு அமிலத்தின் தலையிலும் ஒரு மீதைல் தொப்பியை மாட்டிவிடும். தொப்பி போட்டவை ஒட்டாமல் முழுசாக வந்து சேரும். இங்கே வந்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

இனிப் பொய்ப் பொட்டலம் அனுப்பாதே. என் ஆசிரியை நதியா மேடத்திடம் இதைக் குடும்ப மாதிரி என்று சொல்லி மெஷினில் நேரம் வாங்கினேன்.

அப்பாவுக்கு மரத்தூள் இருமல் எப்படி இருக்கிறது? பதில் எழுத வேண்டும் என்று இல்லை. எழுதினால் படிப்பேன்.

சுகாசினி


செவிலிமேடு,
14 ஜூலை 2024

அக்கா,

மாட்டிக்கொண்டேன். அரக்குச் செதிலை ஹார்டுவேர் கடையில் வாங்கி, அப்பாவின் பழைய ஸ்பிரிட்டில் கரைத்து, கட்டில் சட்டத்தின் உடைந்த துண்டில் பூசி மொட்டை மாடியில் காயவைத்தேன். போலீஸ் நாய்க்குக்கூட என் தலை எண்ணெய் பிடிபட்டிருக்காது. உன் மெஷின் நாயைவிட மோசம்.

இருமல் அப்படியேதான் இருக்கிறது. பிளைவுட் தூளுக்குக் கொஞ்சம் வேறு சுருதியில் இருமுகிறார்.

இனி எழுதப்போவதை எழுதுவதற்காக மூன்று நாளாக இந்தத் தாளைப் பள்ளிக்கூடப் பையில் சுமந்துகொண்டிருக்கிறேன். மாணிக்கவாசகத்துக்கு விஷயம் 'எப்படியோ' போனது என்று எழுதினேன் அல்லவா? அந்த எப்படியோவின் பெயர் சிம்ரன். அவர் மகள் பொன்னி என் வகுப்பு. நீ சொன்ன மறுநாள் அவளிடம், எங்கப்பா போடுவது பாலிஷ் இல்லை, போலிஷ் என்று சொன்னேன். ரொம்ப நன்றாக வந்துவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிடித்துப்போய் இன்னும் மூன்று பேரிடம் சொன்னேன். பொன்னி வீட்டில் போய்ச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது.

நான்தான் என்று உனக்கு அன்றைக்கே தெரியும், இல்லையா? அப்பா கத்தும்போது நீ என்னைத்தான் பார்த்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா உன்னை விட்டுவிட்டு என்னைப் பிடித்திருப்பார். நீ சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு நம்பர் தரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிழிக்கத்தான் என்று எழுதினாய். அந்த வரியை ஆறேழு தடவை படித்தேன். நீ போனபின் உன் பாதிக் கட்டிலில் நான் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். படிப்பதற்காக இல்லை, காலியாக இருந்தால் நன்றாக இல்லை.

அடுத்தது ஒரு சந்தேகம். தொப்பி விஷயத்தை அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன் என்கிறாய். அப்படியானால் காலேஜ் மெஷினில் அப்பாவின் சிராயைத் தொப்பி போடாமலா சுட்டாய்?

நான் கெமிஸ்ட்ரியில் ஐம்பத்தெட்டு மார்க். தப்பாகக் கேட்டிருந்தால் விட்டுவிடு. ஆனால் கேட்டது சரியாக இருந்தால் என்று, உள்ளே இன்னொரு பொட்டலம் வைத்திருக்கிறேன். இது நிஜம். அதே மண்டபம், அதே நாற்காலி. மாணிக்கவாசகம் மேலே எல்லாம் வேறு ஆளை வைத்துத் தேய்த்துப் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிட்டார். அடிப்பக்கம் யாரும் தொடவில்லை. போன ஞாயிறு அங்கே ஒரு வரவேற்பு. பொன்னியிடம் உண்மையைச் சொல்லி உதவி கேட்டேன். மணமக்கள் சாப்பிடப் போன நேரத்தில் நான் தோட்டைத் தேடுகிற மாதிரி நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டினேன், அவள் புடவையை விரித்து மறைத்து நின்றாள். வீடியோக்காரர் விளக்கோடு வந்துவிட்டார். யாரோ ஒரு தம்பதியின் கல்யாண வீடியோவில் நாற்காலிக்குக் கீழே என் இரண்டு கால்கள் ஆயுசுக்கும் இருக்கும்.

கையைச் சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினேன்.

சிம்ரன்


புனே,
10 ஆகஸ்ட் 2024

சிம்ரன்,

நீ கேட்டது சரி.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் பழைய ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்தேன். காலேஜில் அந்த மருந்து இல்லை. வெறுமனே சுட்டேன். இரண்டு வருஷமாக இந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு, அமிலம் இருக்கிற பொருளைத் தொப்பி இல்லாமல் சுடாதீர்கள் என்று நானே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு பழைய வரைபடத்தை மட்டும் நான் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. எடுக்கப் பயந்தேனா, கோபத்தில் எடுக்கவில்லையா, தெரியவில்லை. இரண்டும்தான்.

நீ அனுப்பிய தூளைப் பாதியாகப் பிரித்தேன். முதல் பாதியை அன்றைக்குச் சுட்ட மாதிரியே சுட்டேன். அதே படம் வந்தது. பைன் பிசின் தெளிவாகத் தெரிந்தது. அரக்கு இருக்க வேண்டிய இடம் கரடு முரடாக, யாரும் இல்லாத மாதிரி இருந்தது. இரண்டாவது பாதிக்கு மருந்து விட்டுச் சுட்டேன். அரக்கின் அமிலங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. நாற்பது நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நதியா மேடம், "என்ன, யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார்.

அது நல்ல அரக்கு. பிசின் கொஞ்சம்தான் இருக்கிறது, பன்னிரண்டில் ஒரு பங்கு இருக்கலாம். அப்பாவே போட்டிருக்கிறார். ஏன் போட்டார், ஏன் அன்றைக்கு வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை என்பதுதான் புரியவில்லை. நான் பைன் என்றதும் அவர் முகம் மாறியது. அதைப் பார்த்துத்தான் நான் என் படத்தை முழுசாக நம்பினேன்.

நீ பொன்னியிடம் சொன்னது எனக்கு அன்றைக்கே தெரியும். உனக்குப் பதினைந்து வயது. நீ பரப்பினாய், சரி. பரப்புவதற்குத் தப்பான சரக்கைக் கொடுத்தது நான்.

மாணிக்கவாசகத்துக்குத் தனியாகக் கடிதம் எழுதி, இரண்டு படங்களையும் வைத்து அனுப்பிவிட்டேன். காலேஜுக்கும் எழுதினேன். அப்பாவுக்கு எழுத முடியவில்லை. 'அன்புள்ள அப்பாவுக்கு' என்பதுவரை வருகிறது. அதற்குமேல் பேனா ஓடவில்லை. இங்கே பக்கத்துக் கட்டடத்தில் மரவேலை நடக்கிறது. காற்று திரும்பினால் ஸ்பிரிட் வாசனை வரும். அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டை ஜன்னலோரம் வைத்துச் சாப்பிடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் உள்ளங்கையை இழுத்து மோந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு எத்தனையாவது பூச்சு என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நீ அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. நான் யோசிக்க வேண்டும்.

சுகாசினி


செவிலிமேடு,
25 ஆகஸ்ட் 2024

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் பங்கைச் சொல்லாதே என்றுதான் நீ எழுதியிருந்தாய் என்று எடுத்துக்கொண்டேன். என் பங்கை நான் சொல்லலாம் அல்லவா? போன சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு, அவர் வேலை செய்கிற புது வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மைக்காவை அளந்து கீறிக்கொண்டிருந்தார். பொன்னியிடம் நான் சொன்னதைச் சொன்னேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனதையும் சொன்னேன். அப்பா கீறுவதை நிறுத்தவில்லை. கோட்டின் முடிவு வரைக்கும் கீறிவிட்டு, "போலிஷ்னா சொன்னே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் கீது" என்றார். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஒன்றும் சொல்லாதவரிடம் என்ன ஜோக் அடிப்பது? அந்த இரண்டு நாளில் நீ இரண்டு வருஷம் எப்படி இருந்திருப்பாய் என்று ஓர் ஓரம் தெரிந்தது.

மூன்றாம் நாள் மாணிக்கவாசகம் வந்தார், உன் கடிதத்தோடு. படம் புரியவில்லை, மன்னிப்பு மட்டும் புரிந்தது போல. வாசலில் நின்று சொன்னதை வாசலில் நின்றே திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் கேட்ட நாலு பேரில் எதிர்வீட்டு உமாபதி மாமா ஒருவர்தான் இந்தத் தடவை வீட்டில் இருந்தார். அவரை அதற்கென்றே கூப்பிட்டு நிறுத்தினார். நாற்காலிகளுக்குத் திரும்ப அரக்கு போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். மழை போகட்டும், ஈரக் காற்றில் அரக்கு வெளுத்துப்போகும் என்றார் அப்பா.

அவர் போனபிறகு உன் இரண்டு கடிதங்களையும் நான் அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். ஆமாம், எனக்கு எழுதியவற்றைத்தான். தொப்பி, குழாய், நீ நாற்பது நிமிஷம் நின்றது எல்லாம். உள்ளங்கையை மோந்து பார்ப்பது பற்றிய இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிசின் பற்றி நானே கேட்டேன். வெறும் அரக்கு மேடை விளக்கில் மினுக்காது, அதனால் நகக்கண் அளவு பிசின் சேர்ப்பாராம். அது அவருடைய கைப்பழக்கம், யாருக்கும் சொன்னதில்லையாம். நீ பைன் என்றதும் தூக்கிவாரிப்போட்டதாம். இல்லை என்று சொன்னால் பொய், ஆமாம் என்று சொன்னால் முழுக்கப் பிசின் என்றாகிவிடும். வாயைத் திறக்கத் தெரியவில்லை என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். அப்படியே எழுதுகிறேன்.

"நான் எவ்ளோ போட்டேன்னு அந்த மெஷின்ல தெரியுமாமா? எனக்கே தெரியாதேம்மா. கண்ணாலதான் போட்டுக்கினு இருந்தேன்."

மறுநாள் காண்ட்ராக்டரிடம் லீவு சொன்னார். வீட்டுக்குள்ளேயே கதவு ஜன்னலைச் சாத்தி, சட்டியில் கரி போட்டுக் காற்றைக் காயவைத்து, சட்டியை வெளியே எடுத்துவிட்டு, மூன்று தேக்குச் சில்லுகளுக்கு அரக்கு போட்டார். பஞ்சைத் துணியில் சுற்றி எட்டு எட்டாக வளைத்துத் தேய்ப்பாரே, அதே மாதிரி. அம்மா வேலைக்குக் கிளம்பினவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார். எதில் எவ்வளவு என்று எனக்கும் சொல்லவில்லை. "அவளே கண்டுபுடிக்கட்டும். தப்பா சொன்னா பரவால்ல, திரும்ப அனுப்பறேன்னு எழுது" என்றார்.

உள்ளே மூன்றும் இருக்கின்றன. எண்ணெய்க்கை படாமல் பேப்பரில் மடித்தது அப்பாதான். என்னைத் தொடவிடவில்லை.

சிம்ரன்


புனே,
22 செப்டம்பர் 2024

சிம்ரன்,

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. உனக்கு எழுதுவதைப் படித்துக் காட்டுகிற பழக்கம்தான் இருக்கிறதே.

ஒன்றாம் சில்லில் பிசின் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாற்காலிக்குப் போட்ட அதே அளவு. இரண்டு வருஷம் அரக்கைத் தொடாமல் இருந்து, கண்ணால் பார்த்துப் போட்டு, அதே இடத்தில் வந்து நிற்கிறார். நதியா மேடத்திடம் இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினேன். எந்தத் தராசில் நிறுத்தார் என்று கேட்டார். இரண்டாம் சில்லில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது என்னைச் சோதிக்க வேண்டுமென்றே போட்டது, இத்தனை பிசினை அவர் மணமேடைக்குப் போட மாட்டார்.

மூன்றாவதை மேஜைமேல் வைத்துக் கத்தியை எடுத்தேன். கடுகில் பாதி போதும், கண்ணுக்குக்கூடத் தெரியாது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. பூச்சு காய்வதற்குள் தொட்டுவிட்டிருக்கிறார். அப்பா அப்படித் தொடுகிறவர் இல்லை. அவசரப்பட்டிருக்கிறார்.

கத்தியை வைத்துவிட்டேன். அது இப்போது என் பெட்டியில், துணிகளுக்கு நடுவே இருக்கிறது. அக்டோபர் பதினொன்று வெள்ளிக்கிழமை காலை சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து மதியத்துக்குள் செவிலிமேட்டுக்கு வந்துவிடுவேன்.

அதில் எவ்வளவு போட்டார் என்று நான் அவரையே கேட்டுக்கொள்கிறேன்.

சுகாசினி